தாகத்தை அடக்கலாமா?

"ஐயா, இவ ஓட்டத்துல கெட்டிக்காரி. ஆனா ஒரு மாசமா பயிற்சி முடிஞ்சு வந்தா தலைவலி. கெண்டைக்கால் வேற பிடிச்சு இழுக்குது. சத்துக் குறைவா?"

காயல்பட்டினத்தில் பத்தாம் வகுப்பு மகளை அழைத்து வந்த ஓர் உம்மா கேட்டார். நாடி பார்த்துவிட்டு, "காலையிலேர்ந்து எவ்வளவு தண்ணி குடிச்சே?" என்றேன். பெண் தலைகுனிந்தாள். "மைதானத்துல கக்கூஸ் சரியில்ல. அதான் குடிக்கிறதே இல்ல."

கோளாறு அங்கேதான்! அடக்கக் கூடாத வேகங்கள் 14 என்கிறது சித்த மருத்துவம். தாகம் ஒன்று, சிறுநீர் இன்னொன்று. நம் பெண்பிள்ளைகள் இரண்டையும் சேர்த்தே அடக்குகிறார்கள்.

உடல் எடையில் 2 சதவீதம் நீர் குறைந்தாலே ஓட்டம் தளரும். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது வெறும் 1 லிட்டர். நம் கடற்கரையில் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழியும், ஆனால் சீக்கிரம் காயாது, உடம்பும் குளிராது. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் உடல் வெப்பம் இயல்பாகவே சற்றுக் கூடும். அப்போது கூடுதல் கவனம் தேவை.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு முதன்முதலாக மாரத்தான் நடந்தது. சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன் ஷீஸ் கடைசித் தண்ணீர்ப் பந்தலைத் தவறவிட்டார். வெப்பம் தாக்கி, தள்ளாடித் தள்ளாடித்தான் எல்லைக்கோட்டைத் தொட்டார். 2016 ரியோ மாரத்தானின் முடிவில் நம் ஜெய்ஷாவும் மயங்கி விழுந்தார்.

அதற்காகக் குடம் குடமாகக் குடிக்கலாமா? கூடாது! அளவுக்கு மீறினால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப் போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரைச் சோதித்தபோது, 13 சதவீதம் பேருக்கு இந்தக் குறை இருந்தது. அந்த ஓட்டத்தில் ஓர் இளம்பெண் இதனாலேயே இறந்தார்.

என்ன செய்யலாம்?

* பயிற்சிக்கு 2 மணி நேரம் முன்பே இரண்டு டம்ளர் தண்ணீர். இடையிடையே தாகத்துக்கு ஏற்பச் சில மடக்கு.

* பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து ஈடுகட்டட்டும். எடை கூடியிருந்தால் குடித்தது அதிகம்.

* சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் நல்லது. அடர்மஞ்சள் என்றால் நீர் போதவில்லை.

* வியர்த்துக் களைத்த பின் உப்புப் போட்ட மோர், நீராகாரம், இளநீர் நல்லவை.

பிதற்றல், வாந்தி, மயக்கம் கண்டால் கைவைத்தியம் வேண்டாம். நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து விசிறியபடி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

அந்தப் பெண்ணுக்கு நான் லேகியம் எதுவும் தரவில்லை. உம்மாவிடம் ஒன்றுதான் சொன்னேன்: "நாலு தாய்மாரா சேர்ந்து போய், மைதானத்துக்கு ஒரு நல்ல கழிப்பறை கேளுங்க." நீங்களும் கேளுங்கள்.