நாலில் மட்டும் வந்த காற்று

பத்மநாபபுரம் அரண்மனை முன்னால் காரை நிறுத்தியபோது எங்கள் எல்லோருக்கும் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. ஏ.சி. பொத்தானில் விளக்கு எரிகிறது. காற்று மட்டும் இல்லை. இரண்டு வாரம் முன்பே 1, 2, 3 ஆகிய வேகங்கள் நின்றுபோய், 4 மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஓடும்வரை ஓடட்டும் என்று விட்டது என் சோம்பல். அன்று அரண்மனைக்குப் பக்கத்தில் உள்ள தக்கலையில் அதுவும் நின்றது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இது. மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் மரச்சட்டங்களின் இடுக்கு வழியே காற்று வருகிறது, வெயில் வரவில்லை. "இங்க மோட்டாரே இல்லப்பா, காத்து வருது. நம்ம கார்ல..." என்று மகள் ஆரம்பித்தாள். பளபளக்கும் கருப்புத் தரையைக் காட்டிப் பேச்சை மாற்றினேன்.

வெளியே வந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தோம். முதலில் பியூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. அடுத்து, முன்சீட்டின் எதிரே உள்ள சாமான் பெட்டியைக் கழற்றினார். பின்னால், காற்றைத் தள்ளும் புளோயர் மோட்டார். தலையில் அணில் கூண்டு மாதிரி ஒரு விசிறி. மோட்டாருக்கு வரும் இரண்டு கம்பிகளுக்கும் நடுவே ஒரு சின்ன பல்பை வைத்து, "மக்களே, 4-ல திருப்பு" என்றார். மகள் திருப்பினாள். பல்பு பளிச்சென்று எரிந்தது.

அந்த ஒரு வெளிச்சம் எவ்வளவு சொல்கிறது பாருங்கள்! பேட்டரியின் 12 வோல்ட் வந்து சேர்கிறது, திரும்பிப் போகவும் வழி இருக்கிறது. அப்படியென்றால் பழுது மோட்டாருக்குள்தான். ஸ்க்ரூடிரைவர் பிடியால் மோட்டாரை 'டொக்'கென்று தட்டினார். விசிறி சுற்றியது! கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது. மந்திரமில்லை. சுழலும் செம்பு வளையத்துக்கு மின்சாரம் கொடுப்பவை, அதை உரசிக்கொண்டே இருக்கும் கரித்துண்டுகள். அவை பென்சில் முனைபோலத் தேய்ந்து குட்டையாகிவிட்டால் வளையத்தைச் சரியாகத் தொடாது. தட்டினால் ஒரு நொடி தொடும்.

சரி, 1, 2, 3 முன்பே ஏன் போயின? பாட்டி வீட்டு ஃபேனுக்குப் பெரிய பெட்டி ரெகுலேட்டர் இருந்தால் தொட்டுப் பாருங்கள், சுடும். குறைந்த வேகத்தில் ஃபேனுக்குப் போகாமல் அது தடுக்கும் மின்சக்திதான் அந்தச் சூடு. காரிலும் அப்படி ஒரு மின்தடை உண்டு. 4-ல் மட்டும் மின்சாரம் அதைத் தொடாமல் நேரே மோட்டாருக்குப் போகும். அதனால்தான் மின்தடை கருகிய பிறகும் 4 ஓடியது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு: அந்த மின்தடையைக் காற்றுக் குழாய்க்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். புளோயர் அனுப்பும் காற்றுதான் அதை ஆற்றவும் செய்கிறது. காற்று குறைந்தால்?

மெக்கானிக் ஏ.சி. காற்று வடிகட்டியை உருவினார். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்று வழியில் நுழைந்த பொடி இலைகள் அதில் மெத்தைபோல அடைந்திருந்தன.

"வண்டிய எந்த மரத்து மூட்டுல விடுவிய?" என்று என்னைக் கேட்டார்.

"புளியமரம்!" என்றாள் மகள், நான் வாய் திறக்குமுன்.