வேலியோரத்து அபிப்பிராயம்

திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்தின் வேலியோரத்தில் நின்று உதைபந்தாட்டம் பார்ப்பவன் நான். ஆடியவனல்லன், ஆரவாரித்தவன். ஆயினும் ஆரவாரிப்பவனுக்கும் அபிப்பிராயம் உண்டன்றோ?

வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை 2022 ஏப்பிரலில் அரசு நிறுத்தியது. அவ்வாண்டு எரிபொருளுக்காக இரவு பகலாய் வரிசையில் கிடந்தோம். பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் அருகே சீனன்குடாவில் நின்றன, பெரும்பாலும் வெறுமையாய்! மண்ணெண்ணெய் இன்றிப் படகுகள் கரையில் உறங்கின. எங்கள் தெரு மீனவர் மகன் சப்பாத்து வாங்க வழியின்றி வெறுங்காலோடு ஆடினான்.

அடுத்த சனவரியில் இன்னோர் அடி. தேசிய உதைபந்தாட்ட நிர்வாகத்தில் வெளியார் தலையீடு உள்ளதென்று உலகச் சம்மேளனமான ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. நாற்காலிக்காகப் பிணங்கியவர் பெரியோர். சர்வதேச ஆட்டத்தை இழந்தவர் இளைஞர்.

நாட்டை ஆள்வோரும் கழகத்தை ஆள்வோரும் ஒரே பாடத்தைக் கற்க வேண்டும். பிறர் பணத்தைக் கையாள்பவர் கணக்கை ஒளிக்கலாகாது. ஆண்டுக்கொருமுறை கழகத்தின் வரவு செலவை இந்த வேலியிலே ஒட்டுங்கள், ஐயா! ஆட்டம் தொடங்குமுன் நாங்கள் வாசித்துக்கொள்கிறோம். பின்னர் தோற்றாலும் மனம் நோகாமல் கைதட்டுவோம்.