பென் டிரைவ் செருகியிருந்தால் லேப்டாப் கிளம்ப மறுப்பது ஏன்?

பெங்களூர் ஓசூர் ரோட்டில், சில்க் போர்டை அடுத்து இருக்கிறது பொம்மனஹள்ளி. ஆயத்த ஆடை ஆலைகளிலும், எலக்ட்ரானிக் சிட்டி கம்பெனிகளிலும் வேலை செய்யும் தமிழர்கள் பலர் இங்கு குடியிருக்கிறார்கள்.

இந்த வீடுகளில் 'லேப்டாப்' இப்போது ஆடம்பரப் பொருள் அல்ல. பிள்ளைகளின் படிப்பு, வேலைக்கான மனு, பி.எப். கணக்கு, ஊர் நிலப்பத்திரத்தின் நகல், கல்யாணப் படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. ஒருநாள் அது கறுப்புத் திரையோடு நின்றுவிட்டால் வீடே பதறிப் போகிறது.

பல சமயம் கோளாறு லேப்டாப்பில் இருப்பது இல்லை. அதில் செருகியிருக்கும் 'பென் டிரைவ்' அல்லது வெளி 'ஹார்டு டிஸ்க்'தான் வழிமறிக்கிறது.

காரணம் என்ன?

பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸ் அல்ல. 'பயாஸ்' என்ற சிறு புரோகிராம்தான். விண்டோஸ் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று அது ஒரு பட்டியல்படி வரிசையாகத் தேடும். பட்டியலில் யு.எஸ்.பி. முதலிடத்தில் இருந்தால் பென் டிரைவைத்தான் முதலில் பார்க்கும். அதில் வெறும் சினிமாப் பாட்டு இருந்தால், சில லேப்டாப்கள் அடுத்த டிஸ்க்குக்குப் போகாமல் அங்கேயே நின்றுவிடும். முன்னால் சரக்கு வண்டி நின்றால் பின்னால் வரும் எக்ஸ்பிரசும் நிற்பதைப் போலத்தான் இதுவும்!

இது பழைய வியாதி. 1981-ல் வந்த ஐ.பி.எம். 'பி.சி.'யும் முதலில் 'பிளாப்பி'யைத்தான் தேடும். 1986-ல் லாகூரில் பிறந்த 'பிரெயின்' வைரஸ், பிளாப்பியின் தொடக்கப் பகுதியில் ஒளிந்துகொண்டு பரவியது. 1992 மார்ச் 6-ந் தேதி உலகைப் பயமுறுத்திய 'மைக்கேலாஞ்சலோ' வைரசும் அதே ரகம்தான்.

என்ன செய்யலாம்?

லேப்டாப்பை அணைத்துவிட்டு பென் டிரைவ், வெளி டிஸ்க், மெமரி கார்டு, பிரிண்டர் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பிறகு பட்டனை அழுத்த வேண்டும். லேப்டாப் ஓடினால் கவலை இல்லை. ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தால் 'குற்றவாளி' எது என்று தெரிந்துவிடும்.

அடுத்து, பட்டியலை மாற்ற வேண்டும். லேப்டாப் கிளம்பும்போது டெல், ஏசர் ரகங்களில் 'எப்.2', எச்.பி.யில் 'எப்.10' சாவியைத் தட்டினால் பயாஸ் திறக்கும். 'பூட்' என்ற பகுதியில் உள் டிஸ்க்கை முதலிடத்தில் வைத்து 'சேவ்' செய்ய வேண்டும்.

அப்படியும் கம்பெனிச் சின்னத்தோடு நின்றால் அந்த வெளி டிஸ்க்கே பழுதாகி இருக்கலாம். மின்சாரம் போதாமலும் இருக்கலாம். சாதாரண யு.எஸ்.பி. 2.0 துளை கொடுப்பது 500 மில்லி ஆம்பியர், 3.0 கொடுப்பது 900. இரண்டு டிஸ்க் மாட்டினால் தனி மின்இணைப்பு உள்ள 'ஹப்' தேவைப்படும்.

எச்சரிக்கை

பயாசில் கை வைக்கும் முன், 'பிட்லாக்கர்' பூட்டு போட்ட லேப்டாப்பாக இருந்தால் அதன் 48 இலக்க எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். வரிசையை மாற்றிய பிறகு அது அந்த எண்ணைக் கேட்கலாம்.

பழுதான டிஸ்க்கை மாட்டியதும் "பார்மட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால் சம்மதிக்கக் கூடாது. எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் லேப்டாப் கிளம்பவில்லை என்றால்தான் கடைக்குப் போக வேண்டும். அங்கும், "உள்ளே இருப்பதை நகல் எடுக்காமல் அழிக்கக் கூடாது" என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.