கீழே நிற்பவரின் கயிறு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் ஏரிகளும் தொழிற்பேட்டைகளும் பரந்து கிடக்கும் சமதரை. பாறை ஏற வேண்டுமென்றால் தெற்கே பல்லாவரம் பக்கமோ, தென்மேற்கே ஸ்ரீபெரும்புதூர் பக்கமோதான் போக வேண்டும். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மலைப்பட்டில் முத்தமிழ்ச்செல்வி கண்ணைக் கட்டிக்கொண்டு 155 அடி உயரத்திலிருந்து கயிற்றில் இறங்கினார். 2023 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் தமிழகப் பெண்ணும் அவரே. இப்படிப்பட்டவர்களைப் பாராட்டும்போது மனவுறுதியைத்தான் பேசுகிறோம். கயிறும் அதைக் கீழே நின்று பிடித்திருப்பவரும் பேச்சில் வருவதில்லை.

பாறை ஏறுபவர்கள் கற்பது பிடியை விடாமல் இருப்பதை அல்ல, விழுந்துவிட்டுத் திரும்பி வருவதை. 2015 ஜனவரியில் அமெரிக்காவின் எல் கேபிடன் பாறையில், சுமார் 3,000 அடிச் செங்குத்துச் சுவரை டாமி கால்டுவெல்லும் கெவின் ஜார்ஜ்சனும் 19 நாள்களில் ஏறி முடித்தார்கள். கால்டுவெல்லுக்கு ஓர் ஆள்காட்டி விரலில் பாதி கிடையாது; அந்தச் சுவரோடு அவர் பல ஆண்டுகள் மல்லுக்கட்டியிருந்தார். 15-ஆவது கட்டத்தில் ஜார்ஜ்சன் நாள்கணக்கில் விழுந்துகொண்டே இருந்தார். விரல் தோல் கிழிந்தபோது ஏறாமல் படுத்துக்கிடந்தார். தோல் வளர்ந்ததும் மறுபடி ஏறினார். முந்திப் போய்விட்ட கால்டுவெல், தனியே உச்சிக்குப் போகாமல் காத்திருந்தார். விழுந்த ஒவ்வொரு முறையும் ஜார்ஜ்சனை உயிரோடு வைத்திருந்தது அவருடைய வைராக்கியம் அல்ல, கயிறு.

அதே பாறையை 2017 ஜூன் 3 அன்று அலெக்ஸ் ஹானால்டு கயிறே இல்லாமல் ஏறினாரே என்று கேட்கலாம். ஏறினார்தான். ஆனால் அதற்குமுன் தான் ஏறப்போகும் வழியில் கயிறு கட்டிக்கொண்டு பிடிகளை மனப்பாடம் செய்திருந்தார். 2016-இல் ஒருமுறை மனம் ஒப்பாமல் பாதியிலேயே திரும்பியும் வந்தார். கயிறு இருந்தால் மெத்தனம் வராதா என்பது இன்னொரு கேள்வி. நடப்பது நேர்மாறு: விழலாம் என்று தெரிந்தவர்தான் எட்டாத பிடிக்குக் கை நீட்டுகிறார். கயிறு இல்லாதவர் தெரிந்த பிடியிலேயே தொங்குகிறார்.

பாறைக்கு வெளியேயும் இதே கதைதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடித்துவிட்டு அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பையனிடம் விடாமுயற்சி பற்றிச் சொல்ல ஆள் நிறைய உண்டு. ஒருமுறை தோற்றால் அடுத்த மாத வாடகைக்கு யார் என்பதுதான் அவனுடைய கேள்வி. முத்தமிழ்ச்செல்வியின் எவரெஸ்ட் பயணத்துக்குத் தமிழக அரசு நிதி கொடுத்தது. அதையும் கயிற்றுக் கணக்கில்தான் எழுத வேண்டும்.