தாத்தா பாட்டி வந்தாச்சு, யார் கையில் எந்தக் குழந்தை?

மூணு வாரமா எபிசோட் வரல, மன்னிச்சுக்கோங்க. எங்களுக்கு ரெண்டாவது குழந்தை பிறந்திருக்கு. பையன். இன்னைக்கு 31வது நாள். மூத்தவளுக்கு ரெண்டரை வயசு. வேளச்சேரியில் ரெண்டு பெட்ரூம் ஃபிளாட், அதில் நாங்க நாலு பேர், உதவிக்குக் கோவில்பட்டியிலிருந்து வந்திருக்கிற மாமாவும் அத்தையும், நடுவுல பத்து நாள் எங்க அப்பா அம்மா. பாத்ரூம் ரெண்டு. கணக்கை நீங்களே போட்டுக்கோங்க.

"எப்படிடா சமாளிக்கிற?"னு நிறைய பேர் கேட்டீங்க. முதல் ரெண்டு வாரம் சமாளிக்கல, சொதப்பினோம். வேலையைப் பிரிச்சதே தப்பு. அதைப் பத்தித்தான் இன்னைக்கு.

எல்லோரும் சொல்கிற ஏற்பாடு இதுதான்: பெரிய குழந்தையைத் தாத்தா பாட்டி பார்த்துக்கட்டும், கைக்குழந்தையை அப்பா அம்மா பார்த்துக்கட்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நாங்களும் அப்படியே செய்தோம். பாப்பா ஹாலில் தாத்தா, ஆச்சியோடு. நாங்க ரெண்டு பேரும் உள்ளே தம்பியோடு, கதவைச் சாத்திக்கிட்டு.

ஆறு மாசமா டயப்பர் இல்லாம இருந்தவள், அஞ்சாம் நாளே நின்ன இடத்தில் ஒண்ணுக்குப் போக ஆரம்பித்தாள். எப்பவோ விட்ட பால் பாட்டிலைத் திரும்பக் கேட்டாள். பத்தாம் நாள் என்கிட்ட வந்து, "அப்பா, தம்பிய ஆஸ்பத்திரியிலயே குடுத்துட்டு வந்துரலாம்"னு சொன்னாள். எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

குழந்தை டாக்டர்கிட்ட கேட்டேன். அடுத்த குழந்தை வந்ததும் மூத்தது இப்படிப் பின்னோக்கிப் போவது சகஜம், திட்டாதீங்க, தானா சரியாகும்னார். "ஆனா அவகூட யார் இருக்கீங்க?"னு ஒரு கேள்வி கேட்டார். அதுதான் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

யோசிச்சுப் பாருங்க. பிறந்த குழந்தைக்கு முதல் மாதத்தில் என்ன தேவை? ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால். அது அம்மாவால மட்டும்தான் முடியும். அம்மாவின் வாசனையும் குரலும் அதுக்குத் தெரியும், சரி. ஆனால் ஏப்பம் எடுப்பது, துணி மாற்றுவது, தோளில் போட்டு நடப்பது இதையெல்லாம் பழக்கப்பட்ட எந்தக் கை செய்தாலும் அவனுக்குச் சம்மதம். ரெண்டரை வயசுக்காரிக்கு அப்படி இல்லை. யார் வந்தாங்க, யார் போனாங்க, அப்பா எந்தக் கதவுக்குப் பின்னாடி இருக்கார்னு எல்லாம் அவளுக்குத் தெரியும்.

அதனால் பன்னிரண்டாம் நாள் மாற்றினோம். பால் குடிக்கும் நேரம் போக, தம்பி அத்தை கையில். பாப்பா என்கிட்ட.

அத்தைக்கு அதில் வந்த சந்தோஷத்தைச் சொல்லணும். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டுவதை நான் பத்து தடவை பார்த்தும் என்னால் முடியல. தோளில் போட்டு ரெண்டு தட்டு, ஏப்பம் வந்துடும். நான் தட்டினா இருபது நிமிஷம்.

ஆனால் குழந்தையை ஒருத்தர் கையில் கொடுத்தால் அவங்க வழக்கமும் சேர்ந்துதான் வரும். அக்னி நட்சத்திர வெயில். பதினாலாம் நாள் மத்தியானம் சமையலறைக்குள் போனால், அத்தை சங்கில் சீனித்தண்ணி புகட்டிக்கிட்டு இருக்காங்க. கத்திட்டேன். மாமா எழுந்து பால்கனிக்குப் போயிட்டார். "நாங்க ரெண்டு புள்ளைய வளக்கலையா மாப்பிள்ளை"னு அத்தை சொன்னது ஒரே ஒரு வரிதான். அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் சரியாச் சாப்பிடல. மனைவி என்கிட்ட, "நீ சொன்னது சரி. சொன்ன விதம் எங்கம்மாவுக்கு இல்ல"ன்னா.

விஷயம் என்னன்னா, தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 சதவீதம் தண்ணீர்தான். எவ்வளவு வெயில் என்றாலும் தாகத்துக்கு அது போதும். தண்ணி கொடுத்தால் சின்ன வயிறு நிறைஞ்சு பால் குறையும், குழந்தை குறைவாகக் குடித்தால் அம்மாவுக்குச் சுரப்பதும் குறையும். அளவு கூடினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரைக்கும் போகலாம். அதனால்தான் முதல் 6 மாதம் தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சேனை வைக்கிறேன்னு தேன் தொட்டு வைப்பது இன்னும் ஆபத்து. தேனில் பாட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவங்க குடல் அதைச் சமாளிக்கும், ஒரு வயசுக்குள்ள இருக்கிற குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சை உண்டாக்கிவிடும். தசையெல்லாம் தளர்ந்து மூச்சு விடவே கஷ்டப்படும்.

மறுநாள் காலையில் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் இதையெல்லாம் நான் விளக்கவில்லை. நான் சொன்னா "மாப்பிள்ளை யூடியூப் பார்த்துச் சொல்றார்". அடுத்த தடவை டாக்டர்கிட்ட போகும்போது அத்தையைக் கூட்டிட்டுப் போனேன். தண்ணி போதுதான்னு எப்படித் தெரியும்னு அவங்களே கேட்டாங்க. "ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல ஒண்ணுக்குப் போனா போதும்மா, நீங்க எண்ணிப் பாருங்க"ன்னார். அன்னையிலிருந்து தினசரி காலண்டர் தாளில் பென்சிலால் கோடு போடுறாங்க. நான் வச்சிருந்த ஆப்பை அழிச்சிட்டேன். இந்தத் தரவு அதைவிடச் சுத்தமா இருக்கு.

எனக்கு ஆபீஸில் கிடைத்தது அஞ்சு நாள் லீவுதான். மத்திய அரசு ஊழியர்னா அப்பாவுக்கு 15 நாள் உண்டு, தனியார் கம்பெனியில் கட்டாயச் சட்டம் எதுவும் இல்லை. அதனால் பாப்பாவுக்குக் காலையில் முக்கால் மணி நேரம், சாயங்காலம் முக்கால் மணி நேரம். போனை வீட்டில் வைத்துவிட்டு ஸ்டேஷன் பக்கம் போய்ப் பறக்கும் ரயில் பார்ப்போம். தம்பி பால் குடிக்கிற நேரத்தில்தான் அவளுக்கு அம்மா மடி அதிகமா வேணும். அதுக்கு என் மனைவி ஒரு பிஸ்கட் டப்பா வச்சிருக்கா. பழைய சாவி, கிளிப், ஸ்டிக்கர் எல்லாம் போட்டு. பால் கொடுக்கும்போது மட்டும்தான் அது வெளியே வரும். நாலில் மூணு தடவை வேலை செய்யுது. நாலாவது தடவை அவளும் கட்டில்மேல ஏறிடுவா.

ஹால் இப்போ பெரும்பாலும் நனையறதில்ல. ராத்திரி மட்டும் டயப்பர். பால் பாட்டில் இன்னும் இருக்கு, விட்டுட்டோம்.

அடுத்த ஞாயிறு மாமாவும் அத்தையும் நெல்லை எக்ஸ்பிரஸில் கிளம்புறாங்க. அதுக்கப்புறம் ரெண்டு குழந்தைக்கு நாங்க ரெண்டு பேர்தான், அதிலயும் காலை பத்து மணிக்கு மேல ஒருத்தர் மீட்டிங்கில் இருப்பார். இந்தக் கட்டத்தைத் தாண்டினவங்க யாராவது இருந்தா, ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க.