பெயர் இருந்தும் கிடைக்காமை: தமிழ்த் தரவுத்தளமும் வினவற் பிழைகளும்

எழுத்தினை ஒலிவடிவு, வரிவடிவு என இரண்டாகப் பகுத்து மாணவர்க்குக் கற்பிக்கிறோம். கணிப்பொறி வந்த பின்னர் இவற்றோடு மூன்றாவதாக ஒன்று சேர்ந்துள்ளது, அது குறியீட்டெண். கண்ணுக்குப் புலப்படாத அவ்வெண்ணே ஒருவர் பெயர் பட்டியலில் உண்டா, இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. இவ்வுண்மையை யான் நூல்வழி அறிந்தேனல்லேன். என் வகுப்பு மாணவி ஒருவரின் உதவித்தொகை விண்ணப்பத்தின்வழி அறிந்தேன்.

அம்மாணவியின் பெயரில் 'மொகிதீன்' என்னும் சொல் உண்டு. இணையப் படிவத்தில் பெயரையும் பிறந்த நாளையும் இட்டால், முன்னரே பதிவாகியுள்ள விவரங்கள் தாமே வந்து நிரம்புதல் வேண்டும். ஆனால் 'பதிவு இல்லை' என்றே மறுமொழி வந்தது. அலுவலகத்தில் அச்சிட்டு வைத்திருந்த பட்டியலிலோ அதே பெயர் தெளிவாக இருந்தது. "பெயரில் ஏதோ மாற்றம் இருக்கிறது; திருத்தத்திற்கு உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வாருங்கள்" என்றார் அங்கிருந்தவர். ஓர் எழுத்தும் மாறாத பெயருக்குத் திருத்தப் பத்திரமா! தீப்பெட்டி ஆலையில் கூலி வேலை செய்யும் தந்தை அதன்பொருட்டு இரண்டு நாள் சம்பளத்தை இழந்தார். கணிப்பொறியியல் துறை நண்பர் ஒருவர் உண்மைக் காரணத்தைக் கண்டு சொன்னபோது வியப்பினும் வருத்தமே மிகுந்தது.

நான்கெழுத்தா, ஒன்பது குறியா?

தரவுத்தளம் என்பது நூலகத்து அட்டைப் பெட்டி போன்றது. செய்திகளை வரிசையும் பத்தியுமாக அடுக்கி, அவற்றுக்கிடையே உறவு காணும் முறையை எட்கர் காட் என்னும் அறிஞர் 1970ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதனையொட்டி எழுந்த வினவல் மொழியே எஸ்.கியூ.எல். என்பது. 'இந்தப் பெயருடைய வரிசையைத் தருக' என்று நாம் கேட்டால், பொறி பெயரைப் படிப்பதில்லை. எண்ணோடு எண்ணை ஒப்பிடுகிறது, அவ்வளவே. வினவலின் தொடரமைப்பில் தவறு இருப்பின் பொறி உடனே மறுத்துப் பிழைச்செய்தி தரும். அஃது ஒருவகையில் நல்ல பிழை. தொடர் சரியாக இருந்தும் விடை வெறுமையாக வருவதே ஏமாற்றும் பிழை. அதனைப் பார்ப்போர் 'பெயர் இல்லை' என்றே நம்பிவிடுவர்.

'மொகிதீன்' என்பது இலக்கணப்படி நான்கெழுத்து. யூனிகோடு என்னும் ஒருங்குறியிலோ உயிர்மெய் ஒவ்வொன்றும் மெய்யின் குறியும் உயிரின் குறியுமாகப் பிரிந்து நிற்கும். (தமிழிலக்கணம் புள்ளி பெற்ற மெய்யை அடிப்படையாகக் கொள்ள, ஒருங்குறி அகரமேறிய மெய்யை அடிப்படையாகக் கொண்டு புள்ளியைப் பின்னர்ச் சேர்க்கிறது. இத்தலைகீழ் வைப்பு என் போன்றோர்க்கு உறுத்தலே.) ஆகவே இப்பெயருக்கு எட்டுக் குறிகள், யூ.டி.எஃப்.-8 முறையில் குறிக்கு மூன்று பைட்டாக 24 பைட்டுகள். மாணவி இட்ட பெயர் அவ்வாறே இருந்தது. பட்டியலில் இருந்த பெயரை அளந்தபோது 27 பைட்டுகள் வந்தன. ஒகரக் குறியைத் தனிக் குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பையும் காலையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பொறிக்கு இரண்டும் வேறு.

அந்த ஒன்பதாவது குறி எங்கிருந்து வந்தது? இதற்கு விடை நம் சிவகாசியிலேயே உள்ளது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டும் சீட்டுகளை அச்சிடத் தொடங்கி, நாட்காட்டிகளால் பெயர்பெற்ற ஊர் இது. இங்கு அச்சுக்கோப்புக்குப் பயன்பட்ட பழைய எழுத்துருக்களில் கொம்பை முதலிலும், மெய்யை அடுத்தும், காலை இறுதியிலும் தட்டுவர். தாளில் வடிவு சரியாக விழுந்தால் போதும். அச்சுக்கு அதற்குமேல் வேண்டுவதில்லை. எழுத்துருவுக்கொரு குறியீடு என்றிருந்த நிலையை மாற்றத் தமிழக அரசு 1999இல் டாம், டாப் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும், 2010இல் ஒருங்குறியையும் டேஸ்16 குறியீட்டையும் தரமாக ஏற்றது. ஆயினும் பழைய கோப்புகள் அழிந்தொழியவில்லை. அவற்றை மாற்றித் தரும் மென்பொருள்களுட் சில, கொம்பை மெய்க்குப் பின்னே நகர்த்திவிட்டுக் காலை அப்படியே தனியே விட்டுவிடுகின்றன. மாணவியின் பெயர் இருந்த பட்டியலும் அங்ஙனம் மாற்றப்பட்டதே.

பிழை காணும் முறை

வினவல் வெறுமையாக வந்தால் முதலில் படிவத்தை ஒதுக்கிவிட்டு, உறுதியாக உள்ளதெனத் தெரிந்த பதிவெண்ணைக் கொண்டு தரவுத்தளத்தை நேரே வினவ வேண்டும். பதிவு வந்துவிட்டால் குற்றம் ஒப்பீட்டில் உள்ளது. அடுத்து, இருபுறத்துப் பெயர்களின் பைட்டு நீளத்தையும் பதினறும எண்களையும் எடுத்துப் பார்த்தல் வேண்டும், கண்ணை நம்பலாகாது. பெயருக்குப் பின்னே ஒட்டியுள்ள வெற்றிடமும் இங்ஙனமே அகப்படும். பெயருக்குப் பதிலாகக் கேள்விக்குறிகள் நிரம்பியிருப்பின், இணைப்பு தமிழறியாக் குறியீட்டில் அமைந்திருந்தமையே பெரும்பாலும் காரணம். அவ்வாறு பதிவானதை மீட்க இயலாது, மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டியதே.

ஒகர வேறுபாட்டுக்கு ஒருங்குறியிலேயே 'இயல்பாக்கம்' என்னும் தீர்வு உண்டு. சேமிக்கும்போதும் தேடும்போதும் பெயரை ஒரே வடிவுக்குக் கொணர்ந்தால் 27 பைட்டு 24 ஆகிவிடும். ஆனால் எல்லா நோய்க்கும் இம்மருந்து ஆகாது. நம் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூரையே எடுத்துக்கொள்வோம். அதன் முதலெழுத்தை ஸகர மெய்கொண்டு எழுதுவது பழைய வழக்கம். 2005இல் ஒருங்குறியில் வேறொரு கிரந்த சகரம் சேர்க்கப்பட்ட பின்னர், அதனைக்கொண்டு எழுதும் வழக்கமும் தோன்றியது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவாகத் தெரியும். இயல்பாக்கம் இவ்விரண்டையும் ஒன்றாக்குவதில்லை. நிரலாளரே தனி விதி எழுதுதல் வேண்டும்.

மாவட்டத்தைத் தேர்ந்தால் வட்டங்களின் பட்டியல் மாறித் தோன்றும் இயங்கு படிவங்களில் இக்குற்றம் இன்னும் மிகும். மாவட்டத்தின் பெயரையே திறவுகோலாக வைத்து வட்டங்களைத் தேடினால், ஒரு குறி மாறினும் அடுத்த பட்டியல் வெறுமையாகிவிடும். 1985இல் காமராஜர் மாவட்டமாகத் தோன்றிய நம் மாவட்டம் 1997இல் விருதுநகர் மாவட்டம் ஆயிற்று. பெயர் மாறும், எண் மாற வேண்டியதில்லை. ஆகவே ஊருக்கும் வட்டத்துக்கும் எண் கொடுத்து, அவ்வெண்ணால் இணைப்பதே முறை.

ஆங்கிலப் பத்தியில் வேறொரு சிக்கல். மஸ்ஊத் போன்ற அறபுப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுவோர் இடையே ஒற்றை மேற்கோள் இடுவதுண்டு. எஸ்.கியூ.எல். மொழியில் அக்குறி சொல் முடிந்ததென்பதற்கு அடையாளம். ஆதலின் வினவல் நடுவே முறிகிறது. 'சிறப்புக்குறி இடாதீர்' என்று படிவத்தில் எழுதி வைப்பது சோம்பலேயாம். பெயரை வினவலோடு ஒட்டாமல் தனி மதிப்பாக அனுப்பும் முறை உண்டு. அதனைக் கையாண்டால் பெயரும் பிழைக்கும். அதே வழியாகத் தீயோர் கட்டளை புகுத்தித் தரவைத் திருடுவதும் தடைபடும்.

முகமது, முகம்மது, முஹம்மது என்பன இவற்றினின்று வேறுபட்டவை. இவற்றில் எழுத்தே வேறு. ஒருவர் தம் பெயரை எவ்வாறு எழுதுகிறாரோ அதுவே அவர் பெயர். அதனைப் பொறியின் வசதிக்காக ஒன்றாக்கிச் சேமித்தல் தகாது. தேடும்போது மட்டும் மூன்றையும் முன்வைத்து, பிறந்த நாளும் பதிவெண்ணும் கொண்டு தெளிந்து கொள்ளலாம். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் நம்மவரிடம் குடும்பப்பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் படிவங்களைப் பற்றித் தனிக்கட்டுரையே எழுதலாம்.

மாணவியின் பதிவு, பட்டியல் முழுவதும் இயல்பாக்கம் செய்யப்பட்ட பின் முதல் தேடலிலேயே வந்தது. கொகரமும் மொகரமும் தொகரமும் கொண்ட வேறு பல பெயர்களும் அன்று உடன் கிடைத்தன. அவர்களுள் எத்தனை பேர் அதற்கு முன்னரே பத்திரம் வாங்கியிருந்தனரோ!