கேத்தலின் அடியில் ஒரு பழைய கடல்

கொழும்புத்துறையில் கிணற்றுத் தண்ணீர் கொதிக்கும் கேத்தல் ஒன்றின் உள்ளே எட்டிப் பாருங்கள். வெள்ளையாக ஒரு படிவு ஒட்டியிருக்கும். அது சுண்ணாம்பு. தேத்தண்ணி ஆறுவதற்குள், அது எங்கிருந்து வந்தது என்று நாம் தேடிப் போய் வருவோம்.

தண்ணீர் அதைக் கரைத்தெடுத்தது நம் காலடிக் கல்லிலிருந்து. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் பரந்திருக்கும் இந்தச் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது. அந்தக் காலம் ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. கல்லைக் கட்டியவை சிப்பிகள், முருகைகள், சுண்ணாம்பு சுரக்கும் பாசிகள், ஒரேயொரு கலத்தால் ஆன சின்னஞ்சிறு ஓட்டுயிர்கள். இவற்றில் பல, வெளிச்சம் இல்லாமல் வாழாதவை. ஆகவே வெயில் அடிவரை எட்டுகிற ஆழமற்ற கடல்தான் அவற்றின் வீடு.

இந்த இடத்தில் எல்லோரும் ஒருமுறை தடுக்கி விழுவோம். புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணறு, கல் கரைந்து இடிந்ததால் உண்டானது. ஆழம் ஏறத்தாழ 50 மீற்றர். கல் இவ்வளவு தடிப்பு என்றால் அந்தக் கடல் எவ்வளவு ஆழமாய் இருந்திருக்கும் என்று வியக்கிறோம். ஆனால் கல்லுக்குள் கிடப்பவையோ ஆழமற்ற கடலின் ஓடுகள். இரண்டும் எப்படிப் பொருந்தும்?

குழற்புட்டை நினைத்துக்கொள்வோம். குழலின் வாய் கடல்மட்டம். அடியில் கிடக்கும் சில்லு கடலடி. சில்லு வாய்க்குச் சற்றுக் கீழே நின்றால் ஒரு பிடி மாதான் போடலாம். அந்தச் சில்லு மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது என்று வையுங்கள். இறங்க இறங்க நாம் மா போடுகிறோம். மேல்மட்டம் எப்போதும் வாய்க்கு அருகிலேயே நிற்கும். புட்டு மட்டும் நீண்டுகொண்டே போகும். கடலடி தாழ, ஓடுகள் மேலே குவிய, கடல் ஆழமாகாமலே கல் தடித்தது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு குவிந்தாலும் 5 இலட்சம் ஆண்டில் 50 மீற்றர் வந்துவிடும்.

சில்லை இறக்கியது யார்? கொண்டுவானாப் பெருநிலம் பிளந்தபோது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே பூமியின் ஓடு இழுபட்டது. ரொட்டிமாவை இரு கையாலும் இழுத்தால் நடு மெலிந்து தொய்யும் அல்லவா, அதுபோல இங்கும் தொய்ந்தது. அந்தத் தொய்வைத்தான் காவிரிப் படுகை என்கிறார்கள். பிளவு நின்ற பிறகும், சூடான ஓடு ஆறி இறுகியதாலும் மேலே சேர்ந்த மண்ணின் பாரத்தாலும் அது தாழ்ந்துகொண்டே இருந்தது. தாழ்வு மிக விரைவாயிருந்தால் ஓட்டுயிர்கள் இருட்டில் மூழ்கி அழிந்திருக்கும். மெதுவாய்த் தாழ்ந்ததால் அவற்றால் ஈடுகொடுக்க முடிந்தது.

இனி, குழலின் வாயும் ஓரிடத்தில் நிற்பதில்லை. துருவங்களில் பனி பெருகினால் கடல் இறங்கும், உருகினால் ஏறும். தண்ணீர் இறங்கினாலும் தரை எழும்பினாலும் கல்லுக்கு ஒன்றுதான்: வெயிலில் காயும். எது நடந்தது என்று அறிய, மற்றக் கரைகளைப் பார்க்க வேண்டும். உலகெங்கும் ஒரே காலத்தில் கரைகள் காய்ந்திருந்தால் இறங்கியது தண்ணீர். இங்கு மட்டும் என்றால் அசைந்தது நம் தரை.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய மட்டத்தைவிட 120 மீற்றர் அளவு கீழே நின்றது. பாக்கு நீரிணையின் பெரும்பகுதி 15 மீற்றர்கூட ஆழமில்லை. அப்போது இங்கிருந்து தமிழ்நாட்டுக் கோடியக்கரைக்கு நடந்தே போயிருக்கலாம். அப்படிக் கல் வெளியே நின்ற காலமெல்லாம் மழை அதை அரித்தது. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயு கலந்த மழைநீர், சோடாத் தண்ணீரைப் போல மெல்லிய புளிப்புள்ளது, சுண்ணாம்பைக் கரைக்கும். கீரிமலைக் கேணியில் சுரக்கும் நீரும் நிலாவரையின் ஆழமும் அந்தக் கரைவின் விளைவுகள்தான்.

கல் கரைந்து உண்டான துளைகளில்தான் நம் நன்னீர் தங்குகிறது, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்தபடி. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும்; இன்று உயர்ந்துவரும் கடலும் அதையே செய்யும். ஆகவே கிணற்றில் வாளி விடும்போது கை சற்றுத் தயங்குவது நல்லது. கேத்தலைச் சுரண்டும்போது உங்கள் விரலில் ஒட்டும் வெள்ளைத் தூள், அந்த ஆழமற்ற கடலில் வெயில் காய்ந்த ஓடுகளின் சுண்ணாம்பு.